பழுதானால் சிரிப்பவள்

அவள் சிரித்தால் வீட்டில் ஏதோ ஒன்று கெட்டுப்போய்விட்டது என்று பொருள். லேசாகச் சிரித்தால் பியூஸ். கை தட்டிச் சிரித்தால் புகை. சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தால் நான் முதலில் மெயின் ஸ்விட்சைத் தேடித்தான் ஓடுவேன்.

எண்பதுகளின் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவள் ஷா ஆலத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் தெருமுனைக்கு வரும் பேக்டரி பஸ்ஸைப் பிடிக்க நீலச் சீருடையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்குவாள். நல்ல உயரம். கொண்டையில் ஊசிக்குப் பதிலாக ஒரு பென்சில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். அதை எடுத்துவிட்டுப் பேனா வைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்ற பெண்கள் சேலைக்கடைக்கோ படத்துக்கோ போவார்கள். அவள் புடுவுக்குப் பக்கத்தில் ஜாலான் பாசாருக்குப் போவாள். அந்தச் சாலை முழுக்க மின்னணுச் சாமான் கடைகள். அங்கே சீனக் கடைக்காரர்களோடு மலாயில் சண்டை போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பை நிறையச் சின்னச் சின்னத் துண்டுகளோடு திரும்புவாள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தையும் அதே பைக்குள் போட்டிருப்பாள். ஒருமுறை சம்பலுக்குள்ளிருந்து நான் ஒரு ரெசிஸ்டரை எடுத்தேன்.

"ஐயோ, அதத்தான் நேத்திலேர்ந்து தேடறேன்!" என்று வாங்கி, துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள்.

அவளுடைய பைத்தியமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். நாற்பது கால் கொண்ட, மைக்ரோகண்ட்ரோலர் என்கிற ஒரு சிப்பை வைத்து வீட்டு மின்சாரத்தை ஆட்டிவைக்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, மின்சாரச் சோற்றுப்பானை எதுவானாலும் சரி. எனக்கு ஒருநாள் மேசையில் கடை பரப்பிச் சொல்லிக் கொடுத்தாள்.

"இந்த மைக்ரோகண்ட்ரோலருக்கு அஞ்சு வோல்ட்தான் தெரியும். சுவத்துல வர்றது எரநூத்து நாப்பது. நேரா போய்த் தொட்டா செத்துரும். அதனால நடுவுல இவன்." மூன்று கால் உள்ள கறுப்புத் துண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். "டிரையாக். சிப்பு சொன்னா இவன ஒரு கிள்ளு கிள்ளுவோம். இவன் கதவத் திறந்துவிடுவான்."

"மூடறது யாரு?"

"யாராலயும் மூட முடியாது, அதான்டி அழகு! கரண்டு தானா சீரோவுக்கு எறங்கும் பாரு, அப்ப அவனே மூடிக்குவான். ஒரு செகண்டுக்கு நூறு தடவ எறங்கும். ஒவ்வொரு தடவயும் நாம மறுபடி கிள்ளணும். சீக்கிரம் கிள்ளுனா வெளக்கு பிரகாசமா இருக்கும். லேட்டா கிள்ளுனா மங்கலா இருக்கும். அவ்வளவுதான் லா, உலகமே!"

உலகமே அவ்வளவுதான் என்று அவள் சொன்னபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவளோடு பேசினால் யாருக்கும் கொஞ்சம் தலை சுற்றும்.

முதலில் எங்கள் மின்விசிறி அவளிடம் மாட்டியது. சுவரில் ஒரு பெட்டியை மாட்டி, பொத்தானை அழுத்த அழுத்த வேகம் கூடும்படி செய்தாள். இரண்டு நாள் தென்றல்தான். மூன்றாம் நாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது விசிறி எருமைபோல முக்கியது. முக்கிக்கொண்டே நின்றது. நின்ற பிறகும் முக்கியது. நான் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அவள் நாற்காலியின் மேல் ஏறிக் காதை வைத்துக் கேட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு.

"டிரையாக்கு ஒரு பாதிக்கு மட்டும் திறக்கறான்! மறுபாதிக்குத் தூங்கறான்! ஏய், வந்து கேளேன், எவ்வளவு தெளிவா கேக்குது!"

"கேக்குது, கேக்குது. மொதல்ல நிறுத்து."

நிறுத்தினாள். விசிறியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து "சுடுது" என்று பெருமையாகச் சொன்னாள், பிள்ளைக்குப் பல் முளைத்ததைச் சொல்வதைப்போல. நல்லபடியாக ஓடிய அந்த இரண்டு நாளும் அவள் முகம் வாடியிருந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். எதுவும் சரியாக ஓடினால் அவளுக்குச் சோறு இறங்காது. "எங்கேயோ ஒளிஞ்சிருக்கு, வெளிய வரமாட்டேங்குது" என்று புலம்புவாள். பழுது வெளியே வந்துவிட்டால் போதும், காணாமல்போன உறவுக்காரர் வீடு வந்த மாதிரி.

கீழ்வீட்டில் இருந்த ஆன்டிதான் எங்கள் வீட்டுக்காரம்மா. சாமி அலமாரியில் ஒரு குட்டி மின்விளக்கு வைத்திருந்தார், சுடர் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் மினுங்கும் வகை. காலையில் போடவும் மத்தியானம் அணைக்கவும் மறந்துபோகிறது என்று குறைப்பட்டார். இவள் விடுவாளா? பெட்டி போட்டுக் கொடுத்தாள். விளக்கு விடியற்காலையில் தானாக எரியும், மத்தியானம் தானாக அணையும்.

முதல் நாள் மத்தியானம் அது அணையவில்லை. மங்கலாக, ஆனால் நிச்சயமாக எரிந்துகொண்டிருந்தது. ஆன்டி ஸ்விட்சுப் பெட்டியைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் நாங்கள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு. பக்கத்துக் கடைவீட்டுப் பெண்களெல்லாம் தேங்காய் பழத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இவள் எட்டிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, சிரிப்பு மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறது. காலை மிதித்தேன். பயனில்லை.

"ஆன்டி! அது கசிவு ஆன்டி! டிரையாக்குக்குப் பக்கத்துல ஒரு கெப்பாசிட்டர் போட்டிருக்கேன், அது வழியா கொஞ்சூண்டு கரண்டு கசியுது. பெரிய பல்புன்னா தெரியாது. இது குட்டி பல்பு, அந்தக் கசிவே போதும் அதுக்கு."

"நீ சும்மா இரு" என்றார் ஆன்டி. "பெட்டி அணைச்சிருச்சு. அம்மன் அணைக்கல."

"சத்தியமா ஆன்டி. வேணும்னா பெட்டியக் கழட்டறேன், பாருங்க."

கழற்றினாள். விளக்கு அணைந்தது. எட்டுப் பெண்களும் எழுந்து நின்றார்கள்.

"பாத்தியா" என்றார் ஆன்டி. "கோபம் வந்துருச்சு."

பெட்டியை மறுபடி மாட்டிவிட்டுத்தான் அவளால் வெளியே வர முடிந்தது. படியேறும்போது நாங்கள் இருவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி வழியில் உட்கார்ந்துவிட்டோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அந்தப் பழுதை அவள் கடைசிவரை திருத்தவில்லை, ஆன்டி விடவில்லை.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். அவள் முதலில் அங்கே வரிசையில் உட்கார்ந்து சிப்புக்குக் கால் ஒட்டும் சாதாரண ஆபரேட்டர். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்த நேரத்தில் சோதனை இயந்திரம் நின்றுவிட்டதாம். மேலாளர்கள் வியர்த்துப்போய் நிற்க, இவள் மட்டும் வரிசையிலிருந்து சிரித்திருக்கிறாள். ஏன் சிரிக்கிறாய் என்று அந்த அதிகாரி கேட்டார். "ஏன்னா இப்பத்தான் சார் அது உண்மையச் சொல்லுது" என்று தன் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். வேலை போகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடுத்த மாதமே சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அவள் சிரிக்காத ஒரு நாளும் உண்டு.

அது ஒரு சனிக்கிழமை. புதிதாக ஒரு பலகை செய்து மேசைமேல் வைத்திருந்தாள். டிரையாக்குகளின் முதுகில் வெள்ளை அலுமினியத் தகடுகள், சூடு ஆறுவதற்கு. பார்க்க அழகாக இருந்தன. அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம், நான் ஒரு தகட்டை விரலால் தடவினேன். கை தோள்வரை வெட்டி இழுத்தது. நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். தகட்டிலேயே நேராக வீட்டு மின்சாரம் ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஓடிவந்து முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். எனக்கு ஒன்றுமில்லை, விரல் நுனி மட்டும் வெளுத்திருந்தது. நிலைமையை இலேசாக்க நான்தான் சொன்னேன், "என்ன, சிரிக்கலியா? ஷார்ட்டு ஆயிருச்சுல்ல?"

அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "அது கெட்டுப்போகல" என்றாள். "அது சரியாத்தான் இருந்துச்சு. மூடாம வச்சது நானு."

என் கையை விடவில்லை. ஒரு வாரம் மேசைப் பக்கமே போகவில்லை. அதன் பிறகு அவள் செய்த ஒவ்வொரு பெட்டிக்கும் மரமூடி வந்தது. மூடியின் மேல் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் 'தொடாதே' என்று எழுதினாள். தானாகக் கெட்டுப்போவது வேறு, நாம் கெடுப்பது வேறு என்று அவள் மனதில் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தாள். முதலாவதற்குச் சிரிப்பு. இரண்டாவதற்கு மூடி.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கிள்ளான் ஊரில். செய்தி சொன்னவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி, "மண்டபத்துல எத்தன ஆம்பியர்?"

மணவறைக்குப் பின்னால் ஒரு மயில் என்றாள். பன்னிரண்டு தோகை, தோகைக்கு எட்டு பல்பு, பச்சையும் நீலமும். தாலி கட்டும் நேரத்தில் தோகை விரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நடக்க இடமில்லாமல் மயில் படுத்துக்கிடந்தது. அதன் கழுத்தைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போவேன்.

கல்யாணத்தன்று காலை, நான் மணப்பெண் அறையில் அலங்காரத்தில் இருந்தேன். வெளியே நாதஸ்வரம் தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் நின்றது. ஒலிபெருக்கியில் 'ர்ர்ர்' என்று ஒரு தொடர் இரைச்சல். கூடுவதும் குறைவதுமாக இருந்தது. பிறகு நாதஸ்வரக்காரரின் குரல், ஒலிபெருக்கியிலேயே:

"யாருப்பா அது, இன்னொரு சுருதி போடறது?"

அதைத் தொடர்ந்து அந்தச் சிரிப்பு, மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து. எனக்குப் பூச்சூட்டிக்கொண்டிருந்த பெண் "யாரோ ரொம்ப சந்தோஷமா இருக்காங்க" என்றாள். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று நான் அவளிடம் கேட்டேன்.

நடந்தது இதுதான். மயில் மூச்சுவிடுகிற மாதிரி மெல்ல மங்கி மெல்லப் பிரகாசிக்கும்படி வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் லேட்டாகக் கிள்ளினால் மின்சாரம் வெடுக்கென்று எழும். அந்த வெடுக்கு ஒலிபெருக்கியின் கம்பிக்குள் புகுந்து இரைந்தது. அவளிடம் இன்னொரு சிப் தயாராக இருந்தது. மங்கல் வேலை இல்லாமல், மின்சாரம் பூஜ்யத்தில் இருக்கும் கணத்தில் மட்டும் கிள்ளுகிற நிரல். பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, சிப்பை மாற்றிப் போட்டாள். இரைச்சல் போயிற்று. நாதஸ்வரக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சீவாளியை வாயில் வைத்தார். அவசரத்தில் மூடியைப் போடவில்லை. அதனால் மேடைக்குக் கீழே, பெட்டிக்குப் பக்கத்திலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள், யாரும் கிட்டே வராமல் இருக்க.

நான் மேடையேறி உட்கார்ந்தேன். புகைப்படக்காரர் முன்னால் வந்து பிளாஷ் அடித்தார். எனக்குப் பின்னால் மயில் அணைந்தது. ஒரு கணம் கழித்து முதல் தோகை மட்டும் எரிந்தது. மறுபடி பிளாஷ். மறுபடி அணைந்தது. கூட்டம் சலசலத்தது.

மாப்பிள்ளையின் அம்மா, எனக்கு அத்தையாகப் போகிறவர், ஏற்கெனவே அந்த மயிலை ரசிக்கவில்லை. இப்போது முகம் இறுகிவிட்டது. "நல்ல நேரத்துல வெளக்கு அணையுது. இது என்ன சகுனம்?" என்று பக்கத்திலிருந்த பெரியவரிடம் சத்தமாகவே கேட்டார். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை ஐயரிடம் குனிந்து, கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்பது எனக்குக் கேட்டது. பொறுத்தால் முகூர்த்தம் போய்விடும் என்றார் ஐயர். என் பக்கத்தில் மாப்பிள்ளை மாலைக்குள் விரலை விட்டு நெளிந்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்த மயிலையும் அவளையும் ஒருசேரத் திட்டினேன், மனதுக்குள்.

அவள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. புகைப்படக்காரரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னொரு தடவ அடிங்க."

அடித்தார். மயில் அணைந்தது.

"இன்னொரு தடவ." இந்த முறை பெட்டிக்குள் சிப்பின் மேல் ஒரு விரலை வைத்திருந்தாள். பிளாஷ் அடித்தது. மயில் அசையவில்லை.

அப்படி ஒரு சிரிப்பை அந்த மண்டபம் அதற்கு முன் கேட்டிருக்காது. தவில்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். அந்தச் சிப்பின் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடிச் சன்னல் உண்டு. பழைய நிரலை அழிப்பதற்கு அதன் வழியாகத்தான் புற ஊதாக்கதிர் காட்டுவாள். எழுதி முடித்ததும் சன்னலை ஸ்டிக்கரால் மூடிவிட வேண்டும், பளிச்சென்று வெளிச்சம் பட்டால் சிப்புக்குப் புத்தி தடுமாறி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும். முதல் சிப்புக்கு ஒட்டியிருந்தாள். இந்த மாற்றுச் சிப்புக்கு ஒட்டவில்லை.

விரலை அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார முடியாது. நாலு விரற்கடை தள்ளி, என்னைத் தூக்கியடித்ததே, அதே மாதிரித் தகடுகள். அவள் நாலாபக்கமும் பார்த்தாள். மூடியைப் போட்டாலும், சூடு போக விட்ட துளைகள் வழியாகப் பிளாஷ் உள்ளே புகும். காகிதம் ஒட்டப் பசை இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள்.

இரண்டே எட்டில் மேடையேறி வந்துவிட்டாள். "ஏய், பொட்டக் குடு."

"என்னது?"

"ஒன் பொட்டுதான் பெருசு. வெல்வெட்டு, ஒட்டும். சீக்கிரம்!"

அத்தை பாய்ந்து வந்தார். "ஏம்மா, ஒனக்குப் புத்தி இருக்கா? கல்யாணப் பொண்ணு நெத்தியில கைய வைப்பியா?"

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதுதான் அவள். மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவள் கண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது, அது எனக்கும் தொற்றிவிட்டது. எத்தனையோ நாள் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு, கல்யாணச் சேலைக்குள்ளிருந்து கிளம்பி மேலே வந்தது. நானே நெற்றியிலிருந்து பொட்டைப் பிய்த்து அவள் விரல்நுனியில் ஒட்டினேன்.

மணவறையில் வெறும் நெற்றியோடு ஒரு பெண். அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. குனிந்துகொண்டேன். தட்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு என் மோவாயை ஒரு கை நிமிர்த்தியது, மென்மையாக ஒன்றும் இல்லை.

"வெறும் நெத்தியோட உக்காராத" என்று முணுமுணுத்து, அத்தை குங்குமத்தை அள்ளி எனக்கு ஒரு பொட்டு வைத்தார். இருபது காசு நாணயம் அளவுக்குப் பெரிய பொட்டு. கோபத்தில் கொஞ்சம் அழுத்தியும்விட்டார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "சிரிக்காதடி, மூக்குல கொட்டுது" என்றார். சொல்லும்போது அவர் உதடும் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

கீழே அவள் பிளக்கைப் பிடுங்கி, பொட்டை ஒட்டி, மூடியைப் போட்டு, மறுபடி செருகினாள். கெட்டிமேளம். தாலி ஏறியது. பிளாஷ் மேல் பிளாஷ். நான் அந்த மயிலைப் பார்க்கவேயில்லை. அது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முன்னால் இருந்த கூட்டத்தைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தோகையாக விரிய விரிய, அத்தனை முகங்களிலும் வரிசை வரிசையாகப் பச்சையும் நீலமும் ஏறியது. வாய் பிளந்திருந்தவர்கள், அட்சதை போட மறந்தவர்கள், எல்லார் மேலும். கடைசித் தோகை வந்தபோது கைதட்டல் தொடங்கியது.

அவள் மட்டும் கை தட்டவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நகம் கடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது, பாவம்.

பந்தியில் அத்தை அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் கிள்ளானில் எங்கள் வீட்டு முன்வாசல் விளக்கு பொழுது சாய்ந்ததும் தானாக எரிந்தது.

பிறகு அவளுக்கு ஜொகூரில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. போகும்போது இரண்டு பெட்டி துணி, ஏழு பெட்டி சாமான். எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவாள். குரலிலேயே தெரிந்துவிடும். துள்ளிக்கொண்டு பேசினால் அங்கே ஏதோ எரிந்துபோயிருக்கிறது. சோர்ந்து பேசினால் எல்லாம் நலம்.

சில வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டாள். குரல் பாதாளத்தில் இருந்தது.

"எனக்கு மாப்பிள்ள பாத்துட்டாங்க."

"ஐயோ, நல்ல செய்தில்ல! ஏன் இப்படிப் பேசற? ஆள் எப்படி?"

"நல்லவருதான். ரெண்டு தடவ பேசிட்டேன். குடி இல்ல, சிகரெட் இல்ல. கோபம் வரல. எல்லாத்துக்கும் சரி சரிங்கறாரு." பெருமூச்சு விட்டாள். "ஒரு கொறகூடக் கண்டுபிடிக்க முடியலடி. பயமா இருக்கு."

"பயப்படாத" என்றேன். "தாலி ஏறட்டும். ஆறு மாசத்துல ஒண்ணொண்ணா வெளிய வரும். எனக்கு மூணே மாசத்துல வந்துச்சு."

பாதாளத்திலிருந்து குரல் மேலே ஏறி வந்தது.

"நெசமாவா?" என்றாள். "எத்தன?"

நான் எண்ணத் தொடங்கினேன். நாலாவதைச் சொல்வதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.